லோவெல்: தண்ணீர் போகும் வழியில் ஒரு மில் ஊர்

பாஸ்டன் பக்கம் பிள்ளைகளோடு சில மாதம் தங்க வரும் பெற்றோரை எங்கெல்லாம் அழைத்துப் போவது என்று எல்லா வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். ஹார்வர்டு, துறைமுகம், கோயில், கோடையென்றால் கடற்கரை, லீவு கிடைத்தால் நயாகரா. அதில் லோவெல் இருந்து நான் பார்த்ததில்லை. பாஸ்டனுக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர்தான். அமெரிக்காவில் திட்டம் போட்டுக் கட்டிய முதல் பெரிய பஞ்சாலை நகரம். மில்கள் ஓய்ந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் ஆற்றையும் கால்வாயையும் தறியையும் தொழிலாளி தங்கிய வீட்டையும் ஒரே நாளில், பெரும்பாலும் நடக்கிற தூரத்திலேயே, இவ்வளவு கோவையாகப் பார்க்கக் கிடைக்கும் ஊர் வேறு எனக்குத் தெரியாது.

என் மாமனார் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரோடு போனபோதுதான் இந்த ஊரை எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் பிடிபட்டது. அதற்கு முன்பும் பின்பும் பிள்ளைகளோடும் நண்பர்களோடும் போயிருக்கிறேன். அவற்றில் தேறியதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வண்டியை நிறுத்தியதும் நேரே பூட் மில்லுக்குப் போய்விடாதீர்கள். எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். மணிக்கூண்டும் செங்கல் சுவரும் படத்துக்கு அழகாக வரும், உள்ளே மியூசியமும் இருக்கிறது, பார்த்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த மில் ஏன் அங்கே நிற்கிறது, ஏன் ஆற்றுக்கு அத்தனை பக்கத்தில் ஐந்தாறு மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது என்பதெல்லாம் மில்லுக்குள் நின்றால் புரியாது. ஆற்றிலிருந்து தொடங்கவேண்டும். தண்ணீர் போன வழியே நீங்களும் போனால் கடைசியில் தறிக்கு வந்து சேர்வீர்கள். அப்போது தறி வேறு மாதிரி தெரியும்.

நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து தெற்கே இறங்கி வரும் மெரிமாக் ஆறு லோவெலில் வடகிழக்காகத் திரும்புகிறது. அந்த இடத்தில் பாட்டக்கெட் அருவி. அருவி என்றதும் குற்றாலத்தை நினைக்க வேண்டாம். ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் ஆறு பாறைகள் மேல் 32 அடி இறங்குகிறது, அவ்வளவுதான். மரம் ஏற்றிப் போகிறவர்களுக்கு அந்தப் பாறைகள் பெரிய தொல்லை. கட்டுமரமாகக் கட்டிய மரங்களைப் பாறைகளைச் சுற்றிக் கீழே கொண்டுபோவதற்காக 1796-ல் பாட்டக்கெட் கால்வாயை வெட்டி முடித்தார்கள். துணி நெய்யும் எண்ணமெல்லாம் அப்போது யாருக்கும் இல்லை. சில வருஷத்தில் பாஸ்டனுக்கே நேராகப் போகும் மிடில்செக்ஸ் கால்வாய் வந்துவிட, இந்தக் கால்வாய்க்கு வருமானம் படுத்துவிட்டது.

இன்னொரு பக்கம் பிரான்சிஸ் கேபட் லோவெல் என்ற பாஸ்டன் வியாபாரி, 1810 முதல் 1812 வரை பிரிட்டனில் இருந்தபோது அங்கே ஓடிய விசைத்தறிகளைப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு வந்தார். இயந்திரத்தையோ அதன் வரைபடத்தையோ பிரிட்டனிலிருந்து வெளியே எடுத்துப் போகத் தடை இருந்த காலம் அது. ஊர் திரும்பிப் பால் மூடி என்ற மெக்கானிக்கோடு சேர்ந்து விசைத்தறியைச் செய்து, வால்தம் என்ற இடத்தில் பஞ்சு உள்ளே போய்த் துணியாக வெளியே வரும் மில்லை ஒரே கூரையின்கீழ் ஓட்டிக் காட்டினார். 1817-ல் இறந்துபோனார். வால்தமில் ஆறு சிறியது, அதற்குமேல் மில் கட்ட அங்கே தண்ணீர் பலம் போதவில்லை. கூட்டாளிகள் பெரிய சரிவு தேடிக்கொண்டு 1821-ல் இந்த அருவிக்கு வந்து, வருமானம் படுத்த அந்தக் கால்வாயையும் சுற்றி இருந்த பண்ணை நிலங்களையும் வாங்கினார்கள். 1823-ல் முதல் மில் ஓடியது. 1826-ல் ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள். தன் பெயர் வைத்த ஊரை அவர் பார்த்ததே இல்லை.

அருவியைப் பார்க்கப் பனி உருகும் காலம் நல்லது. ஏப்ரலில் ஆறு இரைச்சலோடு நிறைந்து போகும். கோடையில் போனால் பாறைகள்தான் தெரியும், தண்ணீரில் பெரும்பகுதி வடக்குக் கால்வாய்க்குத் திரும்பி இன்றும் மின்சாரம் எடுக்கப் போகிறது. ஆனால் ஏப்ரலில் படகு இல்லை, ஓரத்து நடைபாதை மூடியிருக்கும். என்னைக் கேட்டால் இரண்டில் படகையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கோடைக்காலத்தில், இந்தப் பழைய மில் பகுதியைப் பராமரிக்கும் தேசியப் பூங்காக்காரர்கள் கால்வாயில் படகுச் சுற்றுலா நடத்துகிறார்கள். அதில் இடம் குறைவு, முன்பதிவு செய்துவிடுங்கள். ஆற்றில் தண்ணீர் கூடினால் அன்றைய பயணத்தை ரத்து செய்துவிடுவார்கள். ஆகவே மழைக்கு அடுத்த நாள் என்றால் காலையில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

படகில் போகும்போது பார்க்கக் கிடைக்கும் அருமையான விஷயம், காவல் மதகு என்று சொல்லத்தக்க அந்தப் பெரிய மரக் கதவு. ஜேம்ஸ் பி. பிரான்சிஸ் என்று ஒரு இன்ஜினியர். இங்கிலாந்தில் பிறந்து இளம் வயதில் அமெரிக்கா வந்து, 22 வயதில் இந்தக் கால்வாய்களுக்கெல்லாம் தலைமை இன்ஜினியர் ஆனவர். உலகம் முழுக்க நீர்மின் நிலையங்களில் இன்றும் அதிகமாகப் பயன்படும் பிரான்சிஸ் டர்பைன் இவர் பெயரில் உள்ளதுதான். பழைய வெள்ளக் கதைகளைக் கேட்டும் கணக்குப் போட்டும், ஆறு ஒருநாள் கால்வாய் வழியாக ஊருக்குள் புகும் என்று முடிவு செய்தார். 1850-ல் கால்வாய்க்கு மேலே தடித்த மரக்கட்டைகளால் ஒரு பிரமாண்டமான கதவைத் தொங்கவிட்டார். பிரான்சிஸின் பைத்தியக்காரத்தனம் என்று ஊரே அதற்குப் பெயர் வைத்தது. இரண்டே வருஷத்தில், 1852-ல், வெள்ளம் வந்தது. கதவைத் தாங்கியிருந்த இரும்பை வெட்டி இறக்கினார்கள், ஊர் தப்பியது. 1936-ல் மறுபடி வெள்ளம், மறுபடி அதே கதவு. மதகும் கலங்கலும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் நிற்கும்போது ஒரு தனி மரியாதை வந்துவிடும்.

கால்வாய்கள் மொத்தம் 5.6 மைல். சில இடங்களில் ஓரத்திலேயே நடக்கலாம். நடக்கும்போது மட்டத்தைக் கவனியுங்கள். மேல் கால்வாயிலிருந்து ஒரு மில் வழியாக 13 அடி இறங்கும் தண்ணீர், கீழ் கால்வாயில் சேர்ந்து அடுத்த மில் வழியாக இன்னொரு 17 அடி இறங்கி ஆற்றுக்குப் போகிறது. மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு வருவது போல, ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை. அந்தத் தண்ணீரைக் கணக்குப் போட்டு மில்களுக்குக் குத்தகைக்கும் விட்டார்கள். விநாடிக்கு 25 கன அடி, 30 அடிச் சரிவில் இறங்கினால் அது ஒரு மில் பவர். வால்தமில் ஓடிய இரண்டாவது மில்லில் இருந்த 3,584 நூல் நூற்கும் கதிர்களையும் அவற்றுக்குரிய தறிகளையும் ஓட்டப் போதுமான பலம் என்பதுதான் அந்த அளவுக்கு அடிப்படை. கால்வாய்க் கம்பெனி நிலத்தோடு தண்ணீரையும் சேர்த்து விற்றுப் பணம் பார்த்தது. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் ஒவ்வொரு மில்லின் அடியிலும் தெரியும் வளைவான கல் வாசல்கள் எதற்கு என்று புரியும். தண்ணீர் வேலை முடித்து வெளியேறும் வழி அவை.

பார்வையாளர் மையம் மார்க்கெட் தெருவில், மார்க்கெட் மில்ஸ் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே போய் அன்றைக்கு என்னென்ன ஓடுகிறது என்று கேட்டு ஒரு வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே டிராலி வரும், 1900-களின் தொடக்கத்து டிராம் வண்டிகளின் மாதிரியில் செய்தது, கட்டணம் கிடையாது. மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. டட்டன் தெருவில் ஒரு பழைய நீராவி ரயில் இன்ஜினும் நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அங்கே கொஞ்ச நேரம் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, இப்போது பூட் மில்லுக்குப் போகலாம்.

கீழ்த்தளத்துத் தறிக்கூடம்தான் இந்த ஊரின் உயிர். எண்பதுக்கும் மேற்பட்ட விசைத்தறிகள் வரிசையாக நிற்கின்றன, மேலே தண்டு, அதிலிருந்து தறிக்கு இறங்கும் பெல்ட்டு. எல்லாவற்றையும் ஓட்டுவதில்லை, சிலவற்றைத்தான். அதற்கே காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சடைப்பான் தருகிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. நுழையும் முன்பே தரை அதிர்வது காலில் ஏறும்.

மாமா உள்ளே போனதும் அடைப்பானை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு தறி அருகில் போய் நின்று என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன். "நாங்க இப்படித்தானுங்க மாப்பிள்ளை பேசிக்குவோம். பக்கத்துத் தறிக்காரருக்கு வாயசைவு போதும், சத்தம் போட்டாலும் கேக்கப் போறதில்லை" என்றார். "அப்ப வீட்டுக்கு வந்தா, மாமா?" என்றேன். "அதான் உங்க அத்தை இன்னைக்கு வரைக்கும் ஏன் கத்தறீங்கன்னு கேக்கறாங்க." அவருக்குக் காது கேட்பது குறைந்து பல வருஷம் ஆகிறது. வயசாகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அவர் சொல்லித்தான் பல விஷயங்கள் என் கண்ணில் பட்டன. இந்தத் தறிகள் ட்ரேப்பர் கம்பெனி செய்தவை, 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. பழைய தறியில், குறுக்கே ஓடும் நாடா என்ற மரக்கட்டைக்குள் இருக்கும் தாரில் (நூல் சுற்றிய குச்சியில்) ஊடை, அதாவது குறுக்கு நூல், தீர்ந்தால், தறியை நிறுத்தி, புதுத் தார் போட்டு, மறுபடி ஓட்டவேண்டும். இதில் பக்கத்தில் ஒரு சக்கரத்தில் தார்களை வரிசையாகச் செருகி வைத்திருக்கிறார்கள். நூல் தீரும்போது தறி ஓடிக்கொண்டே இருக்க, பழையது விழுந்து புதியது ஏறுகிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்தால் ஒரு சின்னத் தகடு விழுந்து தறி தானே நின்றுவிடும். இதனால் தொழிலாளிக்கு வேலை குறைந்ததா என்று மாமாவிடம் கேட்டேன். "எங்கங்க குறைஞ்சுது? ரெண்டு தறி பாத்தவனைப் பத்து, இருபதுன்னு பாக்கச் சொன்னாங்க" என்றார். நாடாவின் இரும்பு முனையைத் தொட்டுக் காட்டி, அது தறியை விட்டுப் பறந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். அவரோடு வேலை செய்த ஒருவருக்கு அப்படித்தான் ஒரு கண் போனது.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். லோவெலின் தொடக்க கால மில்களில் வேலை பார்த்துப் புகழ்பெற்ற மில் பெண்கள் இந்தத் தறிகளில் வேலை செய்யவில்லை. அவர்கள் காலம் 1820-களும் 30-களும் 40-களும். தறிகள் இதைவிட மெதுவானவை, சுற்றிலும் மரம், எண்ணெய் விளக்கு. ஆனால் பகலில் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல், வாரத்துக்குச் சராசரி 73 மணி நேரம். நூல் காய்ந்தால் அறுந்துபோகும் என்பதால் ஜன்னல்களைத் திறக்க விடமாட்டார்கள், காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஈரத்தில் பஞ்சுத் தூசி பறக்கும். நாடாவின் கண்ணில் நூலைக் கோக்க வாயை வைத்து உறிஞ்சுவார்கள், ஒரே நாடா பலர் வாய்க்குப் போகும், இருமலும் அதோடு போகும். இப்போதைய கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் இருக்கிறது. வந்து நிற்கிறவர் அரை மணியில் வெளியேறிவிடலாம். மீதியை நாம்தான் நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கூடத்தில் ஓடும் தறிகளில் நெய்த துணியில் சமையலறைத் துண்டுகள் செய்து மியூசியக் கடையில் விற்கிறார்கள். ஊருக்கு எடுத்துப் போக ஏற்றது. காந்த வில்லைகளையும் சாவிக்கொத்துகளையும் விட்டுவிட்டு இதை வாங்குங்கள். மாமா வாங்கிய துண்டை வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்து, "கரை நல்லா வந்திருக்குது" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

மில்லுக்கு எதிரிலேயே, நடக்கிற தூரத்தில், பழைய விடுதி வீடு ஒன்றைச் சீர்செய்து காட்சியாக்கியிருக்கிறார்கள். மோகன் பண்பாட்டு மையம் என்று கேளுங்கள். பலர் இதை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நேரம் போதாவிட்டால் மில் மியூசியத்தின் மேல்மாடிக் காட்சிகளைக் குறைத்துக்கொண்டாவது இங்கே வாருங்கள்.

நியூ இங்கிலாந்துப் பண்ணை வீடுகளிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் பதினைந்து முதல் முப்பது வயதுக்குள். 1840 வாக்கில் ஊரில் சுமார் 8,000 மில் தொழிலாளர்கள், அதில் பெரும்பங்கு பெண்கள். ஒரு விடுதிக்கு இருபது முப்பது பேர், பெரும்பாலும் ஒரு விதவை நடத்துவார். ஒரு அறையில் நாலு முதல் ஆறு பேர், ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். இரவு பத்து மணிக்குக் கதவு அடைபடும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவேண்டும் என்பது கம்பெனி விதி. சிலர் கல்யாணத்துக்குச் சேர்த்தார்கள், சிலர் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார்கள், சிலர் தங்கள் பெயரில் கொஞ்சம் பணம் இருக்கட்டும் என்றே வந்தார்கள். சில வருஷம் வேலை, பிறகு ஊர் திரும்புதல்.

இதைப் படிக்கும்போது தமிழ்நாட்டு நூற்பாலைகளின் விடுதிகளும் சுமங்கலித் திட்டமும் நினைவுக்கு வராமல் இருக்காது. ஊரை விட்டு வந்த இளம்பெண்கள், சுவருக்குள் விடுதி, சில வருஷ வேலைக்குப் பிறகு மொத்தமாகக் கல்யாணக் காசு என்ற வாக்குறுதி. நானும் என் மனைவியும் அந்தச் சாப்பாட்டு மேசை அருகில் நின்று இதைத்தான் பேசினோம். அவள் ஒரு வித்தியாசத்தையும் சொன்னாள். லோவெல் பெண்கள் கணக்கு முடிவதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, சம்பளத்தைக் கையில் வாங்கினார்கள்.

அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. 1834-ல் சம்பளத்தைக் குறைக்கப் போவதாக அறிவிப்பு வந்ததும் சுமார் 800 பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். 1836-ல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது சுமார் 1,500 பேர். 1840 முதல் 1845 வரை மில் பெண்களே எழுதிய லோவெல் ஆஃபரிங் என்ற பத்திரிகை வந்தது. 1842-ல் இங்கே வந்த சார்லஸ் டிக்கன்ஸ் அதைக் கையோடு எடுத்துப் போனார். ஆனால் அது சம்பளத்தையும் நேரத்தையும் பற்றிப் பேச மறுக்கிறது என்று சாரா பேக்லி என்ற நெசவாளி வெளிப்படையாகச் சண்டை போட்டார். அவர் தலைமையில் பெண்கள் சங்கம் அமைத்து, பத்து மணி நேர வேலை நாள் கேட்டு 1845-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளை அனுப்பினார்கள். வாக்குரிமை இல்லாத பெண்கள் சட்டமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து சாட்சி சொன்னார்கள். குழு கைவிரித்துவிட்டது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது 1874-ல். கேட்டவர்களில் பெரும்பாலோர் அப்போது மில்லில் இல்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் டாஃபர் வேலையைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள். நிறைந்த பாபின்களை எடுத்துக் காலிப் பாபின் போடுகிற வேலை. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் செய்தார்கள். பிற்காலத்தில் கவிஞராகப் பெயர் பெற்ற லூசி லார்கம் பதினோரு வயதில் இங்கே அந்த வேலையில்தான் சேர்ந்தார். என் மகளுக்கு அப்போது அதே வயது. மியூசியத்தில் அவள் அதிக நேரம் நின்றது அந்த வேலை செய்த பிள்ளைகளின் படத்தின் முன்னால்தான்.

இனி ஒரு கேள்வி. தண்ணீர் இங்கே இருந்தது, கை இங்கே வந்தது. பஞ்சு எங்கிருந்து வந்தது? மாசசூசெட்ஸில் பருத்தி விளையாது. தெற்கு மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சு அது. இங்கே நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி திரும்பத் தெற்கே போய், அடிமைகளுக்கு உடுப்பாகத் தோட்ட முதலாளிகளிடம் விலைபோனது. அந்த முரட்டுத் துணிக்கு லோவெல் துணி என்றே பெயர். சாட்டையின் பிரபுக்களும் தறியின் பிரபுக்களும் கூட்டாளிகள் என்று 1848-ல் அடிமைமுறையை எதிர்த்த மாசசூசெட்ஸ் அரசியல்வாதி சார்லஸ் சம்னர் மேடையில் சொன்னார். தறிக்கூடத்தில் பஞ்சு மூட்டை ஒன்றைக் கண்டால் அதன் அருகில் நின்று இதை நினைத்துப் பாருங்கள். மியூசியத்தில் இதைப் பற்றிய பகுதி இருக்கிறது, கூட்டத்தோடு நகர்ந்தால் கண்ணில் படாமல் போகலாம்.

மில்களுக்காகப் பழைய கால்வாயை அகலப்படுத்திப் புதிய கால்வாய்களையும் வெட்டியவர்கள் ஐரிஷ்காரர்கள். 1822-ல் ஹியூ கமிஸ்கி என்பவர் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு பாஸ்டன் அருகிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். மில் பெண்களுக்கு விடுதி கட்டிய கம்பெனி இவர்களுக்கு வீடு கட்டித் தரவில்லை. கிடைத்த இடத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். பிறகு பிரெஞ்சு பேசும் கனடாக்காரர்கள், கிரேக்கர்கள், போலந்துக்காரர்கள், போர்ச்சுகீசியர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். 1920-களில் மில்கள் தெற்கே நகரத் தொடங்க, ஊர் படுத்தது. பூட் மில் 1950-களின் நடுவில் நின்றது. கால்வாய்களை மூடிவிடலாம், மில்களை இடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்து, பல இடிபட்டும் போயின. பேட்ரிக் மோகன் என்ற பள்ளிக் கல்வி அதிகாரி இந்த ஊரே ஒரு பாடப்புத்தகம் என்று விடாமல் வாதாடினார். பலர் சேர, 1978-ல் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. விடுதி வீட்டு மையத்துக்கு அவர் பெயர்தான்.

1980-களில் இருந்து கம்போடியாவிலிருந்து அகதிகள் வந்தார்கள். அமெரிக்காவில் கம்போடியர்கள் மிக அதிகமாக வாழும் ஊர்களில் லோவெல் ஒன்று. 2022-ல் சோக்காரி சாவ் இங்கே மேயரானார், அமெரிக்காவிலேயே முதல் கம்போடிய வம்சாவளி மேயர். ஆகவே மதியச் சாப்பாட்டை மில் பக்கத்தில் முடிக்காமல், கம்போடியக் கடைகள் உள்ள பகுதிக்கு வண்டியில் போய்ச் சாப்பிடுங்கள். அரிசி நூடுல்ஸும் எலுமிச்சைப்புல் வாசமும் நம் நாக்குக்குச் சட்டென்று பிடிக்கும். சைவக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். காய்கறி என்று எழுதியிருந்தாலும் அதில் மீன் சாறு சேர்த்திருப்பார்கள். ஆர்டர் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள், சில கடைகளில் இல்லாமல் செய்தும் தருகிறார்கள்.

மற்றவை, நேரம் இருந்தால். ஓவியர் விஸ்லர் 1834-ல் பிறந்த வீடு மியூசியமாக இருக்கிறது, அவர் அப்பா இங்கே கால்வாய்க் கம்பெனியில் இன்ஜினியர். எழுத்தாளர் ஜாக் கெரோவாக் இந்த ஊர்க்காரர், அவருக்குக் கருங்கல் தூண்களோடு ஒரு சிறு பூங்கா உண்டு. ஒட்டுப்போர்வைகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது, தையலில் ஆசை உள்ளவர்களுக்கு அது ஒன்றே போதும். ஜூலை கடைசியில் நாட்டார் இசை விழா நடக்கிறது, அனுமதி இலவசம். ஆனால் அன்றைக்கு ஊர் நிரம்பி வழியும், தறியையும் கால்வாயையும் நிதானமாகப் பார்க்க அது நாள் அல்ல.

ரயிலில் வருவதானால் பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து முக்கால் மணி நேரம். லோவெல் ஸ்டேஷனிலிருந்து பார்வையாளர் மையத்துக்கு ஒரு மைல் அளவில் நடக்கவேண்டும், நகரப் பேருந்தும் உண்டு. காரில் வந்தால் டட்டன் தெருவில் பூங்காவின் நிறுத்துமிடம். ஜூன் முடிவிலிருந்து செப்டம்பர் வரை எல்லாம் ஓடும். குளிர்காலத்தில் படகும் டிராலியும் இல்லை, சில கட்டடங்கள் குறைந்த நாட்களே திறந்திருக்கும். தறி ஓட்டும் நேரத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், மியூசியம் திறந்திருந்தாலும் தறி ஓடாத நாட்கள் உண்டு. ஓடாத தறியைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பல மில்களில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள். வாசல் திறந்திருக்கிறது என்று முற்றத்துக்குள் போய்ப் படம் எடுக்காதீர்கள்.

லோவெலைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்களுக்குப் பிறகு மில்களில் என்ன நடந்தது என்று கேள்வி வந்தால், இதே மெரிமாக் ஆற்றில் கீழே இருக்கும் லாரன்ஸுக்கு இன்னொரு நாள் போங்கள். 1912 ஜனவரியில், வாரத்துக்கு 56 மணியை 54 ஆகச் சட்டம் குறைத்ததும் மில்கள் கூலியையும் சேர்த்துக் குறைக்க, பல மொழி பேசிய இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இரண்டு மாதம் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கிய ஊர் அது. அங்கே ஜாக்சன் தெருவில் ஒரு பழைய விடுதி வீட்டிலேயே அந்தக் கதையைக் காட்சியாக வைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம், திறந்திருக்கும் நாட்களை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.